நாலு மணி ஆறு நிமிஷம்

வள்ளியூர் பேருந்து நிலையத்தில்
இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்தேன்.
பதினோராவது நிமிடம் எழுந்து உட்கார்ந்து
மீதி ஒன்பதைச் சேமித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.
எதில் சேமித்தேன், தெரியாது.

அறுநூறு கிலோமீட்டர், நாற்பது மணி நேரம்.
சனிக்கிழமை விடியாத நாலு மணிக்கு
வண்ணாரப்பேட்டையில் கிளம்பியவர்கள் ஒன்பது பேர்.
பணகுடி இருட்டில் ஐந்து பேர்.
காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.
அணைந்தபோதெல்லாம்
கையிருப்பில் ஒரு நிமிடம் கழித்தேன்.

கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லலாம்.
உட்காருமிடம் புண்ணானால் களிம்பு இருக்கிறது.
இது வேறு.
மண்டைக்குள் யாரோ விடாமல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள்:
நாலு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர்,
ஒரு டீ குடித்தால் ஒன்றரை,
மூத்திரம் போனால் முக்கால்,
அழுதால், ஓட்டிக்கொண்டே அழுதால், இலவசம்.

கடையம் கூட்டுறவு வங்கியில் எனக்கு நகைக்கடன் மேசை.
ஏல நோட்டீஸ் அடிப்பது நான்தான்.
'கெடு முடிந்துவிட்டபடியால்' என்ற வரியை
எத்தனை நூறு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.
கெடு.
இந்தச் சொல்லைச் செய்தவன் எவனோ
எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துத்தான் செய்திருக்கிறான்.

ஞாயிறு பதினொன்று நாற்பத்தெட்டுக்கு
மறுபடி வண்ணாரப்பேட்டை. நானூற்றெண்பது.
அட்டையில் முத்திரை. கையிருப்பு பன்னிரண்டு நிமிடம்.
ஆவுடையப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தரையில் படுத்துவிட்டான்.
"நீ போ, எனக்குப் போதும்."
அவன் முகத்தைப் பார்க்க எரிச்சலாக வந்தது.
அது பொறாமை என்று ஆலங்குளத்தில்தான் புரிந்தது.

ஆடி மாதம் மேற்கே போகிற சைக்கிளை
காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
சீதபற்பநல்லூர் வரை திட்டினேன்.
பிறகு பேரம்: இந்தப் பனை வரைக்கும் விடு,
அந்தச் செங்கல் சூளை வரைக்கும்.
பன்னிரண்டு ஒன்பதாயிற்று, ஒன்பது மூன்று.
ஆடுகள் குறுக்கே வந்தன.
ஆடுகளாக எண்ணவில்லை.

பாவூர்சத்திரம் தாண்டி ஒரு மைல்கல் எழுந்து நடந்தது.
வெள்ளை வேட்டி கட்டிய ஆள்தான்.
"ஏ பிள்ள, தண்ணி வேணுமா?"
பதில் சொல்ல இரண்டு வினாடி ஆகும்,
சொல்லாமல் போனேன்.
அந்த இரண்டு வினாடி இன்னும் என்னிடம் இருக்கிறது.

தென்காசியில் சாரல்.
எல்லோரும் முகத்தை மேலே தூக்கி நின்றார்கள்.

செங்கோட்டை பெட்ரோல் பங்க்.
குடைக்குக் கீழே காஜா மைதீன்,
பிளாஸ்டிக் நாற்காலி, முத்திரை டப்பா.
நாலு மணிக்கு மூட வேண்டியது.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
பேனா மூடி பல்லில் இருந்தது.
"என்ன டயம் போட, கல்யாணி?"

"நாலு ஆறு, பாய்."

நேர்மை என்று அவர் நினைத்திருக்கலாம்.
மூன்று ஐம்பத்தெட்டு என்று சொல்ல
இன்னுமொரு கழித்தல் போட வேண்டும்.
என்னால் முடியவில்லை.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகில்.
மிதிக்காமலே முப்பது காட்டியது மீட்டர்.
வேட்டிக்காரரைத் தேடினேன்,
மைல்கல்தான் இருந்தது.
ஆறு ஐம்பதுக்கு வண்ணாரப்பேட்டை.
எட்டு மணிக் கெடுவுக்கு எழுபது நிமிடம் முன்னால்,
எனக்கு இல்லாமல் போன கெடுவுக்கு.
வாய்ப்பாடு மட்டும் நிற்கவில்லை;
வேலையை விட்டு நீக்கியது தெரியாத காவலாளி மாதிரி
சுற்றிச் சுற்றி வந்தது.

திங்கட்கிழமை இருபத்துமூன்று நோட்டீஸ்.
பதினேழாவதில் கை நின்றது என்று எழுதினால்
நன்றாகத்தான் இருக்கும்.
நிற்கவில்லை.
எல்லாம் அடித்து முடித்தேன்,
சாப்பாட்டு மணிக்கு
எட்டு நிமிடம் மீதி வைத்து.